ஒன்று குறைகிறது

குத்தும்போது எண்ண வேண்டும்.
எடுக்கும்போதும் எண்ண வேண்டும்.
பதினேழு குத்தினேன்.
தட்டில் கிடப்பது பதினாறு.

மணி ஏழேகால். பிராட்டோ நகரில் பனிமூட்டம்.
கீழே நூடுல்ஸ் கடைக்காரர்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.
விரிப்பை உதறுகிறேன்,
தலையணை உறையைப் புரட்டுகிறேன்,
கைபேசி வெளிச்சத்தால் தரையைத் துழாவுகிறேன்.
ஒரு நரைமுடி. ஒரு கம்பளி இழை.
மாசிபத்திரி எரித்த சாம்பல் சிறிது.
ஊசி இல்லை.

கடைசியாகப் படுத்திருந்தவள் ஓர்னெல்லா பர்தாத்ஸி.
வயது ஐம்பத்தெட்டு. வலது கை
தோளுக்கு மேல் எழாது.
முப்பது வருஷம் கந்தல் பிரித்தவள்:
கம்பளி ஒரு குவியல், பருத்தி ஒரு குவியல்,
கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியாலேயே
இது எந்த ஆட்டு மயிர் என்று சொல்வாளாம்.

முதல் நாள்
கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்,
"என் ஆலையை மூடவைத்தது உங்கள் ஆட்கள்."
நான் சொன்னேன்,
"நாக்கை நீட்டுங்கள்."

நரம்பில்லாத நாக்கு என்பார்கள்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
ஓரமெல்லாம் பல் பதிந்த தடம்,
நுனி சிவப்பு, நடுவில் ஒரு வெடிப்பு.
பேசியதைவிட மென்று விழுங்கியது
அதிகம் அந்த நாக்கு.

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தேன்.
தறியில் இழுத்துக் கட்டிய பாவு போல
விறைத்து நின்றது நாடி.

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று.
வென்ஜோவில் படித்த படிப்பு பெட்டியில் கிடக்க
நான்கு வருஷம், இதே தெருவின் கோடியில்,
பகல் நுழையாத கொட்டகையில்
கோட்டுகளுக்கு உள்துணி தைத்தேன்.
அந்த ஊசிக்குக் காது இருந்தது,
எதையும் கேட்டதில்லை.
இந்த ஊசிக்குக் காதே இல்லை.
தோலுக்கு அடியில் போய் நின்று
ஒட்டுக்கேட்கிறது.

வியாழன்தோறும் வந்தாள்.
முதல் ஊசிக்குத் திட்டுவாள்,
ஐந்தாவது ஊசிக்கு விலைவாசி,
பத்தாவதுக்குள் குறட்டை.
ஒருமுறை முதுகில் கண்ணாடிக் குடுவைகள் வைத்தேன்.
எட்டு வட்டங்கள், கத்தரிக்காய் நிறத்தில்.
அவள் தங்கை பார்த்துப் பதறி
போலீசுக்குப் போகலாம் வா என்றாளாம்.
இதை அடுத்த வாரம்
தன் சொத்தைப் போலப் பெருமையாகச் சொன்னாள்.

போன் அடிக்கிறேன்.
பின்னால் பஸ்ஸின் இரைச்சல்.

"ஓர்னெல்லா, உச்சந்தலையைத் தொட்டுப் பாருங்கள்.
மெதுவாக."

மூச்சு. ஒரு நிறுத்தத்தின் மணி.
"மாதாவே!"
பிறகு,
"இதை வைத்துக்கொண்டா
மருந்துக்கடைக்குப் போனேன்?
இறைச்சிக் கடையில் சண்டை போட்டேன்?
அதான் அவன் என் முகத்தைப் பார்க்காமல்
அதற்கு மேலே பார்த்தானா?"

"நேராக மேல்நோக்கி இழுங்கள்."
"வந்துவிட்டது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
"போன் எந்தக் கையில் இருக்கிறது?"
"இடது கையில். ஏன்?"

இருவரும் கொஞ்சம் பேசவில்லை.
பஸ் மட்டும் ஒரு வளைவில் முனகியது.

"இந்த ஊசிக்குக் காசு தரமாட்டேன்"
என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வியாழன்
கை பழையபடி தோள் உயரத்தில் நின்றது.
தூக்கச் சொன்னேன், முடியவில்லை.
அதிசயம் எதுவும் இல்லை.
பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்,
சாம்பல் நிறக் கந்தல் துண்டில் சுற்றிய ஊசி.
"இதுவும் உங்கள் ஊர்ச் சரக்கா?"
"ஆமாம், சுஜோ."
"எல்லாமே அங்கிருந்துதான்" என்றாள்.

ஊசியைக் கழிவுப் பெட்டியில் போட்டேன்,
போன வாரக் கணக்கில் பதினேழு என்று திருத்தினேன்.
கந்தலைத் தடவினேன். நல்ல கம்பளி.
வைத்துக்கொள்ளவா என்று கேட்க நிமிர்ந்தால்

கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு
நான் சொல்லாமலே
நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்.